பிள்ளை ஏன் படிக்கவில்லை? கல்வி உளவியலாளரிடம் நீலகிரிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலை. பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியர் அறையில், சில நேரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. அவற்றை இங்கே ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்வி உளவியலாளர் என்றால் யார்? டாக்டரா, டீச்சரா?

இரண்டும் இல்லை. உளவியல் படித்து, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எதனால் அது தடைபடுகிறது என்பதைத் தனியாகப் பயின்றவர். மருந்து எழுத மாட்டார், டியூஷன் எடுக்க மாட்டார். ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினாலோ, வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தாலோ, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டாலோ, காரணம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். வீட்டு மொழி, உடம்பு, வகுப்பறை, நண்பர்கள், வீட்டு நிலைமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். பிறகு பெரியவர்கள் நாம் எதை மாற்ற வேண்டும் என்று சொல்வார். என்னைக் கேட்டால் இந்தக் கடைசிப் பகுதிதான் வேலையின் உயிர். பத்துப் பக்க அறிக்கை வந்த பிறகும் வகுப்பறையில் எதுவும் மாறவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

லண்டன் கவுன்டி கவுன்சில் 1913-லேயே இதற்கென்று ஓர் உளவியலாளரை நியமித்துவிட்டது. இன்று பிரிட்டனில் பதிவு பெறாதவர் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. இந்தியாவில் "கல்வி உளவியலாளர்" என்று தனி உரிமம் கிடையாது. அதனால் நீங்கள்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். குறைபாடு இருக்கிறதா என்று சோதித்து அறிக்கை தருகிறவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) மருத்துவ உளவியலாளராகவோ மறுவாழ்வு உளவியலாளராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்படாமல் சொல்வார்.

என் பையனுக்கு மனநோய் எதுவும் இல்லையே. அப்புறம் எதற்கு உளவியலாளர்?

இங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு மனநோய் கிடையாது. வாசிப்பு, கணக்கு, கவனம், பயம், சேர்ந்து பழகுவதில் சிரமம், இப்படித்தான் வருகிறார்கள். "ஊரில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் அந்தத் தயக்கத்திலேயே இரண்டு வருடம் போய்விட்டால், மூன்றாம் வகுப்பில் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்று ஆறாம் வகுப்பில் "நான் மக்கு" என்ற எண்ணமாக ஊறிப்போயிருக்கும். வாசிப்பைச் சொல்லித்தருவதைவிட அந்த எண்ணத்தை எடுப்பது கஷ்டம்.

வீட்டில் படுகு பேசுகிறோம், பள்ளியில் ஆங்கில மீடியம், தமிழ் ஒரு பாடம். மூன்று மொழியால் குழம்பிப்போகிறானா?

மலையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பல மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு வராது. பேச்சும் அதனால் நின்றுவிடாது. வீட்டில் படுகு பேசுவதை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். பாட்டியிடம் கதை கேட்டு, எதிர்க்கேள்வி கேட்டு, சண்டை போட்டு வளரும் மொழிதான் மற்ற மொழிகளுக்கு அடித்தளம்.

ஆனால் குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. படுகு மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது, தனி எழுத்து இல்லாமல் பேச்சாகவே வந்திருப்பது. அதைப் பேசும் பிள்ளை ஐந்து வயதில் பள்ளிக்கு வரும்போது ஏட்டுத் தமிழ் அவனுக்கு இன்னொரு மொழி. ஆங்கிலம் மூன்றாவது. எழுத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் கற்கிறான். முதல் இரண்டு வருடம் மெதுவாகப் போவது இயல்பு. கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்களில் பலருக்குத் தமிழில் "உட்கார்" என்ற சொல்லே வகுப்பில்தான் அறிமுகமாகிறது.

அப்படியானால் மொழிப் பழக்கம் போதாமையையும் உண்மையான கற்றல் சிரமத்தையும் எப்படிப் பிரித்தறிவது? வீட்டு மொழியில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நான் முதலில் கேட்பேன். நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறானா? மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் செய்கிறானா? சொந்த மொழியில் பாட்டு, விடுகதை பிடிக்கிறதா? வீட்டு மொழியில் எல்லாம் சரியாக இருந்து பள்ளி மொழியில் மட்டும் திணறினால், அநேகமாக அவனுக்குத் தேவை நேரமும் பேச்சுப் பழக்கமும். எல்லா மொழியிலும் சொற்களை நினைவுக்குக் கொண்டுவரத் தவிக்கிறான், ஒலிகளைப் பிரித்துக் கேட்க முடியவில்லை என்றால் ஆழமாகப் பார்க்க வேண்டும். வீட்டு மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்த சோதனையை நான் நம்புவதில்லை. பெற்றோரும் நம்ப வேண்டாம்.

எங்கள் பள்ளியில் பனியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. "மெதுவாகக் கற்பவர்கள்" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேச்சு. புதிய இடத்தில், பெரியவர் முன்னால், பேசாமல் நின்று கவனிப்பது சில வீடுகளில் மரியாதை. வகுப்பில் அதுவே "பதில் தெரியாதவன்" ஆகிவிடுகிறது. மதிய இடைவேளையில், தம்பி தங்கைகளோடு இருக்கும்போது, அதே பிள்ளையைப் பாருங்கள். கணக்குப் போட்டு விளையாடுவதும் விதிமுறை பேசுவதும் தெரியும்.

சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. நகரத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த படங்கள், கேள்விகள் பல. லிஃப்டைப் பார்த்திராத பிள்ளை லிஃப்ட் படத்துக்குப் பெயர் சொல்லவில்லை என்றால் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அதனால் நான் எண்ணைவிட, சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறான் என்பதைப் பார்க்கிறேன். தனியாக என்ன முடிகிறது, கொஞ்சம் கை கொடுத்தால் எதுவரை போகிறான் என்ற இடைவெளியைக் கவனிக்கச் சொன்னவர் ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி. மலைப் பிள்ளைகளுக்கு அவர் வழி ரொம்பப் பொருந்துகிறது. கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி ஆசிரியர்களே பாடம் எடுக்கிறார்கள். தன் பேச்சு தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால் அந்த மௌனம் கலையும். எல்லாப் பள்ளியிலும் அது முடியாது என்றாலும், அதே ஊர் அக்கா ஒருவரை வாரம் சில மணி நேரம் வகுப்பில் உட்கார வைப்பது முடியும்.

இன்னொன்றும் உண்டு. சோர்ந்து படுக்கும், கை கால் வலி என்று அடிக்கடி லீவு போடும் பழங்குடிப் பிள்ளையை அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்குப் பரிசோதித்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் இந்த நோயின் கூறு முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். வலியும் சோர்வும் மட்டுமல்ல, வெளியே தெரியாத சிறு மூளைப் பாதிப்புகளால் கவனமும் நினைவும் குறையலாம். அதைச் "சோம்பேறித்தனம்" என்று அடிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்.

சோதனைக்கு வருவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கண், காது. கட்டாயம். குளிரில் அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. "வேணும்னே கேக்க மாட்டேங்கிறான்" என்று வீட்டில் சொல்வார்கள். ரத்தசோகை, தூக்கம், காலைச் சாப்பாடு, வலிப்பு வந்த வரலாறு, இவையும் பார்க்க வேண்டியவை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறது. அவர்கள் வரும் நாளில் பிள்ளையை அனுப்பத் தவறாதீர்கள்.

தமிழில் டிஸ்லெக்சியா எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில்தான் வரும் என்கிறார்களே?

டிஸ்லெக்சியா என்பது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு. எந்த மொழியிலும் வரும், ஆனால் வேறு வேறு முகத்தோடு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்பு இல்லாததால் சீக்கிரமே மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் ஓரளவு வாசித்துவிடலாம். அதனால் தமிழ் வாசிக்கும் பிள்ளையிடம் பிழையைவிட மெதுவான வேகம்தான் கண்ணில் படும். நாலாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருப்பான்.

நம் எழுத்திலேயே சில கஷ்டங்கள் இருக்கின்றன. "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, காதில் முதலில் விழுவதோ மெய்யொலி. கண் போகும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் வேறு. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே "க", மூன்று விதமான ஒலி. 247 எழுத்து என்று மனப்பாடம் செய்ய வைத்தால் யாருக்குமே மலைப்புதான். சாதாரணப் பிள்ளைகளும் இரண்டாம் வகுப்பு வரை இதிலெல்லாம் தடுமாறுவார்கள். ன, ண, ந குழப்பமும் ர, ற குழப்பமும் பெரியவர்களுக்கே உண்டு. அதை வைத்து மட்டும் டிஸ்லெக்சியா என்று யாரும் சொல்லக்கூடாது. ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் அப்படியே.

நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு. நன்றாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் மூன்றாம் வகுப்பில் குறில் நெடில் வேறுபாடு காதில் விழவில்லை. "மரம்" என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் முழிக்கிறாள். நேற்று வாசித்த அதே சொல் இன்று புதிது. வாயால் கேட்டால் பதில் பிரமாதம், எழுதினால் நாலு வரி. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பாதி விட்டுப்போகிறது. குடும்பத்தில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே மாதிரி இருந்திருக்கிறது. இவற்றில் பல சேர்ந்து இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருந்தும் கிடையாது. ஒலியையும் எழுத்தையும் இணைத்து, தினமும், சின்னச் சின்னப் படிகளாகச் சொல்லித்தருவதுதான் வழி.

சோதனை என்று உள்ளே கூட்டிப்போய் என்ன செய்வீர்கள்?

ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. முதலில் பேச்சு. பிறகு கட்டைகளை அடுக்குவது, படங்களில் விட்டுப்போனதைச் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, வாசிப்பது, எழுதுவது, கணக்கு. பிள்ளை களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடர்வோம். கூடலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, நடுவட்டம் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு உதகை வந்து சேர்ந்த பிள்ளையை அப்படியே உட்கார வைத்துச் சோதித்தால் வரும் மதிப்பெண் பஸ்ஸைப் பற்றியது. முடிந்தால் பள்ளியிலேயே பார்ப்பது நல்லது. வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை கவனிப்பதும், பழைய நோட்டுகளைப் புரட்டுவதும், ஆசிரியரோடு பேசுவதும் சோதனையின் பாதிதான் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பாதிக்கும் மேல்.

ஐ.க்யூ. எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

அந்த எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் இந்த வகைச் சோதனையை முதலில் உருவாக்கியபோது நோக்கம், வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது. பிள்ளையின் புத்தி மாறவே மாறாது என்ற பேச்சைப் பினேயே கண்டித்தார். அதன் பிறகு உலகம் அந்த எண்ணைப் பிள்ளையின் தலையெழுத்தாக ஆக்கிவிட்டது.

பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100. 70-க்குக் கீழே வந்தாலும், அதை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது. தானாக உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவது, ஆபத்தை அறிவது போன்ற அன்றாடத் திறன்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே எண் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு நினைவு பலம், மற்றவனுக்குக் கைவேலை பலம் இருக்கும். இருவருக்கும் சொல்லித்தரும் விதம் ஒன்றாக இருக்க முடியாது. அறிக்கையில் எண்ணுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் விளக்குவது எழுதியவரின் கடமை.

நான் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறை. இதில் ஒரு பிள்ளைக்கென்று தனியாக என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்வியின் பாரம் தெரிகிறது. பதிவேடு, ஆப், காலை உணவு, மதிய உணவு, கூட்டம் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் பாடம். அதனால் புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், இப்போது செய்வதிலேயே மாற்றக்கூடியதைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையை முன்னால், பலகைக்கும் உங்களுக்கும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள், தனியாக உங்களிடம் வாசிக்கட்டும். பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறையுங்கள். தெரிகிறதா என்று அறிய வாயால் கேளுங்கள், அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள். தினமும் பத்து நிமிடம், அதே நேரத்தில், அதே பிள்ளையோடு வாசிப்பு. வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது பல மடங்கு வேலை செய்யும்.

பல வகுப்பு ஒரே அறையில் இருப்பதில் ஒரு நன்மைகூட இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு அக்கா இரண்டாம் வகுப்புத் தம்பிக்கு வாசித்துக் காட்டுவது அங்கே இயல்பாக நடக்கும். நாலாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தை மறுபடி படித்தாலும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். நகரத்துப் பெரிய பள்ளியில் அந்தப் பையன் கூனிக் குறுகிவிடுவான். பள்ளிகளுக்கு உதவும் அரசு வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரை அழையுங்கள். அவருக்கும் பள்ளிகள் அதிகம், சாலையும் தூரம். வரும் நாளில் பிள்ளையைத் தனியே கூட்டிப்போய்ப் பாடம் எடுக்கச் சொல்வதைவிட, உங்கள் வகுப்பில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து திட்டம் போடச் சொல்லுங்கள். அவர் போன பிறகும் அந்தத் திட்டம் தொடரும்.

மகள் இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். காலையில் வயிற்று வலி, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாளா?

வலி உண்மை. பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும். எதைப் பற்றிய பயம் என்பதுதான் கேள்வி. பாடமா, ஒரு ஆசிரியரா, பஸ்ஸில் யாராவது சீண்டுகிறார்களா, மாதவிடாய் நாளில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லையா, வீட்டில் அப்பா அம்மா சண்டையில் அம்மாவைத் தனியாக விட்டுப் போகப் பயமா? நம் ஊரில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பஸ் நிறுத்தம் வரை தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமையையோ யானையையோ பார்த்தாளா? அப்படிப் பார்த்த பிள்ளைக்கு "ஒன்னும் ஆகாது போ" என்பது ஆறுதலே இல்லை. கூட ஆள் வேண்டும்.

வீட்டில் இருக்கும் நாள் கூடக்கூடத் திரும்பிப் போவது கடினமாகும். அதனால் காரணம் முழுதாகத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாள் மதியம் வரை, அடுத்து முழு நாள், பிடித்த ஆசிரியர் வாசலில் நின்று கூட்டிப்போவது என்று படிப்படியாகப் பள்ளியோடு பேசி வையுங்கள். இழுத்துப்போய் விடுவதும், அடிப்பதும் பயத்தை இரண்டாக்கும். பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனம் புண்படுத்துவதும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் விட்ட பிள்ளை தினமும் போனில் அழுகிறான். கூட்டிவந்துவிடலாமா?

உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளிகளும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. கட்டணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். இரவு எட்டு மணிக்கு வரும் அழுகை ஒன்றுதான். முதல் சில வாரம் ஏக்கம் இயல்பு. குறித்த நேரத்தில் போன் பேசுவது, அடுத்து எந்தத் தேதியில் வருவீர்கள் என்று சொல்லி அதே தேதியில் வருவது, வீட்டிலிருந்து ஒரு போர்வையோ படமோ கொடுத்து அனுப்புவது எல்லாம் தாங்கும் பலம் தரும். "அழாதே" என்பதைவிட "எனக்கும் உன் நினைப்புத்தான்" என்பது நல்லது.

அழுகை குறையாமல், சாப்பாடு குறைந்து, படுக்கையை நனைக்கத் தொடங்கி, நண்பர்களே இல்லை என்றால் விடுதிக் காப்பாளரோடு நேரில் பேசுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ பிள்ளை பயந்தால் அன்றைக்கே கிளம்பிப் போங்கள். பழகிப்போகும் என்று ஒத்திப்போட வேண்டாம்.

பொதுத்தேர்வில் சலுகை கிடைக்கும் என்கிறார்களே, எப்படி வாங்குவது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இரண்டும் அதில் உண்டு. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்குப் பிறகே தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள். விண்ணப்பிப்பது மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளத்தில், பார்ப்பது அரசு மருத்துவமனைக் குழு. அந்தக் குழுவில் குழந்தை மருத்துவரோடு உளவியலாளரும் இருப்பார். தனியாரிடம் எடுத்த அறிக்கை உதவியாக இருக்கும், ஆனால் அதுவே சான்றிதழ் ஆகாது.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை தேவைக்கேற்பக் கிடைக்கும். தலைமையாசிரியர் வழியாக, தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சொல்லி எழுத வைப்பதும் ஒரு பழக்கம்தான், அதைப் பள்ளித் தேர்வுகளிலேயே பழகியிருக்க வேண்டும்.

சான்றிதழ் வாங்கினால் பிற்காலத்தில் கல்யாணத்துக்கு, வேலைக்குப் பிரச்சினை வராதா?

அதை யாரிடமும் காட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டும்போது எடுத்துக்கொடுக்கலாம், வேண்டாதபோது பீரோவில் இருக்கட்டும்.

"வேறு பள்ளி பாருங்கள்" என்று டி.சி.யைக் கையில் கொடுக்கப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-ம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு காட்டாமல் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. கடிதமாக எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடனே பல பேச்சு அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகமும் உதகையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இருக்கின்றன.

சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை ஆசிரியரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பல நேரம் "வேறு பள்ளி பாருங்கள்" என்பது "எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்பதன் இன்னொரு வடிவம். அங்கேதான் உளவியலாளர் நடுவில் வந்து உதவ முடியும்.

எனக்கு 16 வயது. நான் சொல்வதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?

மாட்டேன். காதல், மதிப்பெண், நண்பர்களோடு பிரச்சினை, வீட்டின் மேல் கோபம் எல்லாம் நம்மோடு இருக்கும். அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று உன்னிடம் கேட்டுத்தான் சொல்வேன். ஆனால் சிலவற்றை நான் மறைக்க முடியாது. உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது யாராவது உன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தால் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பதை 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அப்போதும் யாரிடம், எப்படிச் சொல்லப்போகிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்வேன், கூடவே இருப்பேன்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். யாராவது துன்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமும் அன்றைக்கே சொல்லிவிடு.

கோவைக்கு இறங்கினால்தான் ஆள் கிடைக்குமா? செலவு தாங்காதே.

தனியாரிடம் போனால் பெரும்பாலும் கீழேதான் போக வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அது ஒருநாள் கூலியும் பஸ் செலவும். எனக்கு இதில் ஆற்றாமை நிறைய உண்டு. மலைக்கு ஆள் வர வேண்டுமே தவிர, பிள்ளைகள் மலையிறங்கிக்கொண்டே இருக்கக்கூடாது.

இப்போதைக்கு இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையச் சிறப்பாசிரியர். வளர்ச்சியில் தாமதம் தெரியும் சின்னக் குழந்தை என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். மனச்சோர்வு, வலிப்பு, கட்டுக்கடங்காத துறுதுறுப்பு என்றால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. துறுதுறுப்புக்கு மருந்து தேவையா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். படிப்பு, தேர்வு பற்றிய சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

இந்த வருட நோட்டும் போன வருட நோட்டும். சுத்தமான நோட்டு வேண்டாம், பிழையும் அடித்தலும் உள்ளதே வேண்டும். மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை, கண் காது பார்த்த சீட்டு, முன்பு எடுத்த அறிக்கை ஏதாவது இருந்தால் அது. பிள்ளை எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்பது பாட்டிக்குத்தான் நினைவிருக்கும் என்றால் பாட்டியையும் கூட்டி வாருங்கள். அப்பாவும் வந்தால் ரொம்ப நல்லது.

பிள்ளையிடம் "டாக்டரிடம் போகிறோம்" என்றோ "சும்மா ஊர் சுற்றப் போகிறோம்" என்றோ சொல்லாதீர்கள். "உனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது இல்லையா, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் உனக்குச் சுலபம் என்று கண்டுபிடிக்க ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்த ஒரு பொருளையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பம்பரமோ, வரைந்த படமோ, எதுவானாலும் சரி. பேச்சை நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.